யாரைக் கேட்டுக் கையெழுத்து?

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928இல். 1942இல் போர்த் தேவைக்கென்று அந்தத் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. பசிபிக் கடலில் மோதிக்கொண்ட இரண்டு பேரரசுகளின் சண்டை, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏலக்காயும் இலவம்பஞ்சும் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஊரின் ரயில் பாதையை விழுங்கியது. மறுபடி ரயில் ஓடுவதற்கு 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது நாடு அடிமைப்பட்டிருந்தது. போடிக்காரர்களை யாரும் கேட்காததில் வியப்பில்லை. இன்று போடிக்கு மேலே உள்ள மலைக்கிராமங்கள் சிலவற்றுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் ஏறிப் போகிறது. சாலை இல்லாத ஊருக்கும் வாக்குச்சாவடி உண்டு என்பது இந்தியக் குடியரசு பெருமைப்பட்டுக்கொள்ளத் தகுந்த காரியம். ஆனால் அந்த வாக்கு எதுவரை செல்லும்? பள்ளிக்கூடம், ரேஷன், சாலை ஆகியவற்றில் அதற்கு ஓரளவு மதிப்பு இருக்கிறது. அண்டை நாட்டோடு என்ன ஒப்பந்தம், எந்த வல்லரசோடு நெருக்கம், எந்தச் சரக்குக்கு வாசலைத் திறப்பது என்ற முடிவுகளில் அதற்கு மதிப்பு உண்டா? ஆசிய பசிபிக் பகுதியின் வல்லரசுப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டெல்லியிலோ வாஷிங்டனிலோ பெய்ஜிங்கிலோ நின்று எழுதுகிறார்கள். போடிக்கு மேலே குரங்கணிச் சரிவில் நின்று பார்த்தால் அதே போட்டி வேறு விதமாகத் தெரிகிறது.

இந்தச் சரிவுக்கு உலகச் சந்தை புதிதல்ல. மூணாறுத் தேயிலையை இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908இல் அது குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷன்வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் போய் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் ஊர்ப்பெயர்களாகத் தங்கிவிட்டன.

இன்றைய சரக்கு ஏலக்காய். தோட்டங்களில் பெரும்பகுதி மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் போடி, தேவாரம், கம்பம் பக்கத்தவர்கள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகப் போய்வருகிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மழையும் வறட்சியும் இதற்குக் காரணம்தான். ஆனால் விலையை ஆட்டுகிற இன்னொரு கை வெகு தொலைவில் இருக்கிறது. அதன் பெயர் குவாத்தமாலா.

அந்த நாட்டுக்கு ஏலக்காயைக் கொண்டுபோனவர் 1914இல் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர். இன்று அங்கே அதை விளைவிப்பவர்கள் பெரும்பாலும் மாயா இனத்துச் சிறு விவசாயிகள். அவர்கள் தங்கள் சமையலில் அதைச் சேர்ப்பதே இல்லை. விளைவது பெரும்பாலும் அரபு நாடுகளின் காப்பிக்கும் ஆசியச் சந்தைக்கும் போகிறது. 1980களிலேயே ஏற்றுமதியில் அந்த நாடு இந்தியாவை முந்திவிட்டது. 1954இல், நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்த குவாத்தமாலா அதிபர் ஹாகோபோ ஆர்பென்ஸை அமெரிக்க உளவு அமைப்பு சதிசெய்து கவிழ்த்தது. தொடர்ந்த உள்நாட்டுப் போர் 1960இலிருந்து 1996வரை நீடித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள், பெரும்பாலோர் மாயா மக்கள். அமெரிக்கா ஜனநாயகத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்த ஜனநாயகத்தை அழித்தது. போடி ஏல மையத்தில் போட்டிச் சரக்காகப் பேசப்படும் காய்க்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. குவாத்தமாலா விவசாயியை நம் விவசாயியின் எதிரியாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் குவாத்தமாலா இன்றும் தைவானோடு தூதரக உறவு வைத்திருக்கும் சில நாடுகளில் ஒன்று. 2024 மே மாதம் சீனா அதன் காப்பி, மெக்கடாமியா கொட்டைச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து திருப்பியது. 2012இல் தென்சீனக் கடல் தகராறு முற்றியபோது பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்துக்கு இதே கதி. 2020இல் ஆஸ்திரேலியாவின் பார்லியும் ஒயினும், 2021இல் தைவானின் அன்னாசியும் மாட்டிக்கொண்டன. அமெரிக்கா வேறு வழியில் இதையே செய்கிறது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்காமல் அதிபர் ஆணையால் மட்டுமே அது நடந்தது. எண்ணெய் வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். ஆர்டர் இழந்தவர்கள் திருப்பூரில் இருந்தார்கள்.

இந்தப் போட்டியைப் பற்றிய எழுத்துகளில் மூன்று குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. முதலாவது, பாதுகாப்பே எல்லாம் என்பவர்களின் குரல். கே.எம். பணிக்கர் 1945இல் இந்தியப் பெருங்கடலைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இன்றைய பிரம்ம செல்லானிவரை இந்தப் பார்வைக்கு நீண்ட மரபு உண்டு: கடலை யார் ஆள்கிறார்களோ அவர்கள் கரையை ஆள்வார்கள், சீனா இந்தியாவைச் சுற்றி வளைக்கிறது. சீனா தருவது கடன் பொறி என்ற வாதத்தை 2017இல் உலகெங்கும் பரப்பியவர் செல்லானி. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன ஆண்டும் அதுதான். இரண்டாவது, ஜனநாயக நாடுகள் அணிதிரள வேண்டும் என்ற குரல். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட் கூட்டமைப்புக்கு அடிப்படை இதுவே. மூன்றாவது, எந்த அணியிலும் சேராமல் தன் வழியைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற நேருவிய மரபு. 2012இல் ஸ்ரீநாத் ராகவன், சியாம் சரண் போன்றோர் சேர்ந்து எழுதிய அணிசேராமை 2.0 அறிக்கை அதைப் புதுப்பிக்கப் பார்த்தது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. சீனாவின் ஆட்சிமுறையையும் எல்லை அத்துமீறல்களையும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மூன்று குரலிலும் ‘இந்தியா’ என்பது ஒரே ஆள். அதற்கு ஒரே மூளை, ஒரே வயிறு. அந்த வயிற்றுக்குள் யார் பட்டினி, யார் நிறைவு என்ற கேள்வி எழுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் விமர்சன ஆய்வாளர்கள். இந்திய, இலங்கை அரசுகள் தேசம் என்ற ஒன்றைக் கட்டியெழுப்பும் பதற்றத்தில் தமிழர் பிரச்சினையை எப்படிக் கையாண்டன என்று சங்கரன் கிருஷ்ணா 1999இல் வெளியான தம் நூலில் காட்டினார். யாழ்ப்பாணத்து அரசியல் பொருளாதார அறிஞர் அகிலன் கதிர்காமர், இலங்கையை 2022இல் மூழ்கடித்ததில் சீனக் கடனைவிட மேற்கத்திய நிதிச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களின் பங்கு பெரிது என்று தொடர்ந்து வாதிட்டுவருகிறார். அம்பாந்தோட்டைக் குத்தகைப் பணம் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கவே இல்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது என்பதை உமேஷ் மொரமுதலி விளக்கியிருக்கிறார். அரசுகள் சொல்லும் கதைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இருக்கும் தூரத்தை இந்த எழுத்துகள் அளந்து காட்டுகின்றன.

என் பார்வையில், யாரைக் கேட்டுக் கையெழுத்து என்ற கேள்விக்குத் தமிழர் வாழ்வில் கிடைக்கும் மிகக் கொடிய சான்று 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை சுதந்திரம் பெற்ற உடனேயே, 1948இல், மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்கள் இலங்கையில் வாழ்கிறவர்கள், அங்கேயே குடியுரிமை பெற வேண்டியவர்கள் என்பது நேருவின் நிலைப்பாடு. 1962இல் சீனாவிடம் தோற்ற பிறகு டெல்லியின் கணக்கு மாறியது. 1952இலேயே சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு இலங்கை. போருக்குப் பின் சமரசம் பேச 1962 டிசம்பரில் கொழும்பில் மாநாடு கூட்டியவர் அந்நாட்டுப் பிரதமர் சிறிமாவோ. 1963இல் சீனாவோடு கடல் போக்குவரத்து ஒப்பந்தம் செய்தவரும் அவரே. கொழும்பைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் அவசரம் டெல்லிக்கு வந்தது. 1964 அக்டோபர் 16இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அக்டோபர் 30இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

9,75,000 பேரை இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சௌமியமூர்த்தி தொண்டைமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைப் பேச்சுவார்த்தையில் சேர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாய் அங்கே பிறந்து, தேயிலைச் செடியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வேறு இடங்களுக்கும் சிதறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. ஒரு வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். இரண்டு அரசுகளும் தேர்தலில் வந்தவை. வல்லரசுப் போட்டியின் அழுத்தத்தில் இரண்டு ஜனநாயகங்கள் கைகோத்துச் செய்த காரியம் இது. வாக்குரிமை இல்லாதவர்களைத்தான் அவை பங்கு போட்டன என்பதை மறக்கக் கூடாது.

1974 ஜூனில் கச்சத்தீவு போனதும் இதே வழியில்தான். 285 ஏக்கர் தீவு அது. வெளியுறவுச் செயலர் சென்னைக்கு வந்து முதல்வரிடம் முன்கூட்டியே பேசினார் என்று பிற்பாடு வெளியான ஆவணங்கள் சொல்கின்றன. முதல்வரிடம் காதோடு காதாகச் சொல்வது மக்களைக் கேட்டதாகாது. ராமேஸ்வரம் மீனவரை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது ஆகஸ்டில், எல்லாம் முடிந்த பிறகு. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்திலும் இதைப் பார்க்கலாம். தமிழர் உரிமைக்கான ஒப்பந்தம் என்று அறியப்பட்ட அதோடு இணைந்த கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக வேற்று நாட்டு ராணுவங்களுக்குக் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. அமெரிக்காவைத் தள்ளிவைக்கும் பனிப்போர்க் கவலை அது. கிழக்கு மாகாண மக்களுக்கு வாக்குறுதி கொடுத்த பொதுவாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.

வணிக ஒப்பந்தங்களில் ரத்தம் சிந்துவதில்லை, ஆனால் விதி இதுவேதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அயல்நாட்டு ஒப்பந்தம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. விவசாயத்தைப் பற்றிய அயல்நாட்டு ஒப்பந்தம் என்றால் ஒன்றிய அமைச்சரவை போதும். 1998 டிசம்பரில் வாஜ்பாயியும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட இந்திய இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம், அண்டை நாட்டோடு நல்லுறவு வேண்டும் என்ற சரியான நோக்கத்தில் பிறந்தது. அதன் வழியாக வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் உள்ளே நுழைகிறது என்பது மிளகு விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. 2017 டிசம்பரில் அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. நட்புக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதியை மிளகுக்கொடி வைத்திருப்பவர்கள் கட்டினார்கள். அந்த நட்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லி, இழப்பீட்டுக்கும் வழி செய்திருக்க வேண்டும்.

ஆசியான் நாடுகளோடு 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம் மிளகின் இறக்குமதி வரியை 70 சதவீதத்திலிருந்து படிப்படியாக 50 ஆகவும், தேயிலை, காப்பி வரியை 100இலிருந்து 45 ஆகவும் குறைக்கச் சொன்னது. கிழக்கு ஆசியாவைச் சீனாவிடம் முழுதாக விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2இல், அப்போது கேரளத்தை ஆண்ட இடதுசாரிகள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை மனிதச் சங்கிலி அமைத்தார்கள். மேட்டுக்கு இந்தப் பக்கம் நாம் அந்த அளவுக்குப் பேசவில்லை. குரங்கணி, கொட்டகுடி மிளகும் காப்பியும் அதே வரிக்குக் கீழேதான் இருந்தன. பத்தாண்டு கழித்து, 2019 நவம்பர் 4இல், சீனாவும் சேர்ந்த பெரிய வட்டார ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. விவசாயிகளும் பால் உற்பத்தியாளர்களும் கொடுத்த அழுத்தம் அதற்கு ஒரு காரணம். அதை மக்களின் வெற்றி என்று கொண்டாடியவர்களோடு நானும் மகிழ்ந்தேன். ஆனாலும் ஏழு ஆண்டு பேசிய அந்த வரைவை, சேர நினைத்தபோதும் சரி, விலக முடிவெடுத்தபோதும் சரி, நாடாளுமன்றத்தின் முன் வைக்கவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள குறையல்ல. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில்தான் அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தளங்களின் பரப்பில் 70 சதவீதம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 24இல் ஹெனோகோ தளத்தைப் பற்றி நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள், கட்டுமானம் நிற்கவில்லை. பிலிப்பைன்ஸ் செனட் 1991 செப்டம்பரில் 12க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தளங்களை வெளியேற்றியது, ஆசியாவில் ஒரு சட்டமன்றம் இப்படிச் செய்தது அபூர்வம். 2014இல் அமெரிக்கப் படைகள் திரும்ப வழிசெய்த ஒப்பந்தத்தை செனட்டுக்கு அனுப்பாமலே அரசு முடித்துவிட்டது.

தென்கொரியாவின் சொங்ஜு போடியைப் போன்ற ஒரு விவசாய ஊர். மஞ்சள் முலாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. 2016 ஜூலையில் அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை அங்கே நிறுவப் போவதாக அறிவித்தார்கள். சமாதானம் சொல்ல வந்த பிரதமர் மீது ஊர்மக்கள் முட்டை வீசினார்கள். அதிபர் பதவி இழந்து, புதிய தேர்தலுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, 2017 ஏப்ரலில், இரவோடு இரவாகத் தளவாடங்கள் வந்திறங்கின. சீனா கோபத்தில் கொரிய நிறுவனங்களையும் சுற்றுலாவையும் தண்டித்தது. ஒரு வல்லரசு ஆயுதத்தைக் கொண்டுவந்து வைக்கிறது, இன்னொன்று அதற்குப் பழிவாங்குகிறது. முலாம்பழம் போட்டவருக்கு இரண்டிலும் பேச்சில்லை. தைவானில் 2014 மார்ச்சில் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் அமர்ந்தார்கள். சீனாவோடு செய்த சேவை வணிக ஒப்பந்தத்தை விவாதிக்காமல் நிறைவேற்றக் கூடாது, இத்தகைய ஒப்பந்தங்களைக் கண்காணிக்கச் சட்டம் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. என் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்ட போராட்டம் இந்த வட்டாரத்தில் வேறில்லை.

சீனாவில் இப்படி நாடாளுமன்றத்தில் அமர்ந்து கேட்க முடியாது. அந்த வேறுபாடு உண்மையானது, பெரியது. அதனாலேயே ஜனநாயக நாடுகள் என்று பெருமை பேசுகிறவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும். கூடங்குளம் அணு உலைக்கு 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் செய்தார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்துபோனது, ஒப்பந்தம் நிலைத்தது. இடிந்தகரை மக்கள் கேள்வி கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு போட்டார்கள். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

வெளியுறவை மக்களிடம் விட்டால் வெறுப்புதான் ஆளும் என்ற எதிர்வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. மாலத்தீவில் இந்தியாவே வெளியேறு என்ற பிரச்சாரம் 2023 தேர்தல் களத்தில் ஓங்கி ஒலித்தது. கச்சத்தீவு 2024 தேர்தலில் பிரச்சாரப் பொருளானது. ஐம்பது ஆண்டு பழைய ஆவணங்கள் வாக்குக்காகத் தூசு தட்டப்பட்டன, மீனவரின் வலைக்கும் படகுக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவை இரண்டுமே, கையெழுத்தான பிறகு எழுந்த கூச்சல்கள். கையெழுத்துக்கு முன்பே வரைவைப் படித்து, நிபுணரையும் விவசாயியையும் மீனவரையும் அழைத்துக் கேட்டு, நிதானமாக விவாதிக்கும் வழி இருந்திருந்தால் கூச்சலுக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது. ராணுவ ரகசியம் என்ற சாக்கும் எல்லா இடத்துக்கும் செல்லாது. மிளகு வரியில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசமைப்புச் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002இலேயே, ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தக் கட்சியின் அரசும் அதைக் கையில் எடுக்கவில்லை. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளைத் தொடும் ஒப்பந்தம் என்றால் அந்தந்தச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பது, வரைவை அந்தந்த மொழியில் வெளியிடுவது, இழப்பவருக்கு ஈடு என்ன என்பதை ஒப்பந்தத்தோடேயே அறிவிப்பது ஆகியவற்றையும் அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்புக்கு முன்பு ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாட்கள் வைத்தாக வேண்டும். கீழவை மறுத்தால் ஏற்பைத் தள்ளிப்போட முடியும். அதே ஒப்பந்தத்தை இந்திய நாடாளுமன்றத்தின் முன் ஒரு நாள்கூட வைக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.